முதல் கவளம்: கிரிஸ்லி கரடி திரும்பி வரும் ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2018 அக்டோபரில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஸ்டீவன்ஸ்வில் என்ற சிற்றூரின் கோல்ஃப் மைதானத்தில் புல்தரை இரவில் கிளறப்பட்டுக் கிடந்தது. மண்புழு தேடிக் கருங்கரடி வந்திருக்கும் என்று எண்ணிப் பொறி வைத்தார்கள். உள்ளே சிக்கியிருந்தது ஓர் இளம் கிரிஸ்லி, அதாவது வட அமெரிக்கப் பழுப்புக் கரடி. அந்த ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில் கிரிஸ்லிகள் அற்றுப்போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அப்படி எதிர்பாராமல் கரடி வந்து நிற்கப்போகும் ஊர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மொன்டானா, வயோமிங், ஐடஹோ, கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா என்று மலையடிவாரங்களில் வீடு வாங்கிக் குடியேறியவர்களில் தமிழர்களும் உண்டு. கோடை விடுமுறைக்குக் கூடாரத்தோடு யெல்லோஸ்டோன், பான்ஃப் தேசியப் பூங்காக்களுக்குப் போகிறவர்களும் பலர். அவர்கள் கையில் இது இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். மனிதர் வீட்டு வாசலில் கரடிக்கு முதல் கவளம் கிடைக்கக் கூடாது. கிடைத்த பிறகு செய்யும் வேலை ஒவ்வொன்றும் பத்து மடங்கு கடினம். பல நேரங்களில் அது துப்பாக்கியில் போய் முடிகிறது. ஆய்வாளர்கள் 399 என்று எண்ணிட்ட, வயோமிங்கின் புகழ்பெற்ற பெண் கரடி நான்கு குட்டிகளோடு 2020இல் வெளிவந்தபோது உலகமே படம் எடுத்துக் கொண்டாடியது. அந்தக் குடும்பம் ஜாக்சன் நகரின் தெற்குப் புறத்தில் சுற்றியபோது தேனீப் பெட்டிகளும் மாட்டுத் தீவனமும் அவற்றுக்குக் கிடைத்தன. தாயைப் பிரிந்த குட்டிகளில் ஒன்று வீடுகளைச் சுற்றியே தீனி தேடிப் பழகியதால், 2022இல் அதிகாரிகளே அதைக் கொன்றார்கள். குட்டி செய்த தவறு என்று அதில் எதுவும் இல்லை. மூடாமல் வைத்த தீவனம்தான் தவறு.

யார் திரும்பி வருகிறார்கள்?

வழிமுறைகளுக்குப் போகும் முன் கொஞ்சம் வரலாறு வேண்டும். கிரிஸ்லியை மலை உச்சி விலங்கு என்று நினைப்பது பிழை. 1805இல், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன மெரிவெதர் லூயிஸை மிசௌரி ஆற்றுக்குள் இறங்கும்வரை ஒரு கிரிஸ்லி துரத்தியது. அது நடந்த இடம் இன்றைய கிரேட் ஃபால்ஸ் நகருக்கு அருகிலுள்ள புல்வெளி. அலாஸ்கா நீங்கலாக, அமெரிக்க நிலப்பரப்பில் அன்று சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். சுட்டும் விஷம் வைத்தும் பொறி வைத்தும் கொன்றதில் 1930களுக்குள் அவற்றின் வாழிடம் நூற்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. மலைகள் அவற்றின் கடைசிப் புகலிடம், அவ்வளவுதான்.

1975இல் அழிவாபத்து உயிரினங்கள் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு கிடைத்தபோது எஞ்சியவை 700, 800 மட்டுமே. இன்று சுமார் 2,000. யெல்லோஸ்டோன் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ ஆயிரம். கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய வடமொன்டானாவில் ஆயிரத்துக்கு மேல். இரண்டு கூட்டங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துகொண்டிருக்கின்றன. இடையில்தான் ஊர்கள், பண்ணைகள், நெடுஞ்சாலைகள் எல்லாம் இருக்கின்றன.

பெண் குட்டி வளர்ந்ததும் பெரும்பாலும் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆண் குட்டிதான் வெகுதூரம் போகும். ஆகவே உங்கள் ஊருக்கு முதலில் வருவது பெரும்பாலும் தாயைப் பிரிந்த இளம் ஆண் கரடி. அதற்கு அனுபவம் இல்லை, பசி உண்டு, எதையும் முகர்ந்து பார்க்கும் ஆர்வம் உண்டு. கற்றுக்கொள்ளும் வயது அது. அதற்கு எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

படி 1: மூக்கால் உங்கள் வளாகத்தைச் சுற்றி வாருங்கள்

ஒரு மாலை நேரம் ஒதுக்கி, வீட்டின் பின்கட்டிலிருந்து வேலி வரை நடந்து, மணக்கும் பொருள் ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். குப்பைத் தொட்டி, பறவைத் தீனி, நாய்க்குத் தட்டில் வைத்த சோறு, இறைச்சி சுடும் அடுப்பில் வழிந்து கிடக்கும் கொழுப்பு, கோழித் தீவன மூட்டை, கொட்டகையில் உள்ள குதிரைத் தீவனம், ஆப்பிள் மரம், மக்குக் குழி, வாகனத்துக்குள் விட்டுவைத்த பிஸ்கட் பொட்டலம் எல்லாம் அதில் வரும். தாளிக்கும் நெய் மணமும் கருவாட்டு மணமும் நமக்கே தெரு முனை வரை வரும் என்றால், கரடியின் மூக்குக்கு எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தாளில் மாதத்தையும் குறியுங்கள். வசந்தத்தில் பசும்புல்லும், பனிக்காலத்தில் செத்த விலங்குகளின் உடலும் அதற்கு உணவு. கோடையில் வேர், எறும்பு; உயர்ந்த மலைச்சரிவுகளில் விட்டில் பூச்சிகள்கூட. ஒரே நாளில் 40,000 விட்டில்கள் வரை தின்னும் கரடிகள் யெல்லோஸ்டோன் பக்கம் உண்டு. ஆகஸ்ட் முதல் காட்டுப்பழக் காலம். செப்டம்பர், அக்டோபரில் குளிர்கால உறக்கத்துக்கு முந்தைய பெரும்பசி தொடங்குகிறது. அப்போது நாளுக்கு 20,000 கலோரி வரை சேர்க்கப் பார்க்கும். உங்கள் ஆப்பிள் பழுத்து உதிர்வதும் சரியாக அந்தச் சமயத்தில்தான்.

படி 2: குப்பை

யெல்லோஸ்டோனின் கதை இதற்குப் பெரிய பாடம். பல பத்தாண்டுகளாக அங்கே கரடிகள் குப்பைக் கிடங்குகளில் தின்று வளர்ந்தன. 1960களின் கடைசியிலும் 1970இலும் அந்தக் கிடங்குகளை மூடினார்கள். திடீரென்று மூடினால் பசித்த கரடிகள் முகாம்களுக்கு வரும் என்று கரடி ஆய்வாளர்களான ஃபிராங்க் கிரெய்க்ஹெட், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் எச்சரித்தார்கள். கரடிகள் வந்தன, நிறையக் கரடிகள் கொல்லப்பட்டன. 1967 ஆகஸ்ட் மாதத்தின் ஒரே இரவில், கிளேசியர் பூங்காவின் இருவேறு இடங்களில் இருவேறு கரடிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றிருந்தன. மிச்சம் மீதி உணவுக்கும் குப்பைக்கும் பழகிய கரடிகள் அவை.

குப்பைத் தொட்டி வாங்கும்போது, கரடிச் சோதனையில் தேறியது என்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள கிரிஸ்லி மற்றும் ஓநாய்க் காட்சி மையத்தில், வளர்ப்புக் கிரிஸ்லிகளிடமே தொட்டியைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். உள்ளே தீனி இருக்கும். கரடி அதன் மேல் ஏறிக் குதிக்கும், உருட்டும், மூடியின் விளிம்பில் நகத்தை நுழைத்து நெம்பும். 60 நிமிடம் தாக்குப்பிடித்தால்தான் சான்று. சாதாரண பிளாஸ்டிக் தொட்டியைக் கயிற்றால் கட்டி வைப்பது இதற்கு ஈடாகாது.

தொட்டியை எடுத்துப்போகும் நாளின் காலையில் மட்டும் வெளியே வையுங்கள், முந்தைய இரவு வேண்டாம். மீன் தலை, எலும்பு, கொழுப்பு போன்றவற்றை அதுவரை பையில் கட்டி உறைபெட்டியில் வைத்திருப்பது நல்ல பழக்கம். மூடி பூட்டும் சத்தம் காதில் விழும்வரை அழுத்துங்கள். பூட்டப்படாத நல்ல தொட்டியும் திறந்த தொட்டியே.

படி 3: தானியம், பழம், பறவைத் தீனி

பறவைகள் மேல் அன்பு இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மனம் வராது, ஆனாலும் சொல்ல வேண்டும்: ஏப்ரல் முதல் நவம்பர் முடியும்வரை பறவைத் தீனித் தொட்டி வேண்டாம். மூன்று கிலோ சூரியகாந்தி விதையில் சுமார் 12,000 கலோரி இருக்கிறது. காட்டுப்பழத்தில் அவ்வளவு சேர்க்கக் கரடி நாள் முழுதும் அலைய வேண்டும். கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் பூச்செடியும் போதும்.

தானியத்தின் இழுப்பு எத்தகையது என்பதை மொன்டானாவின் மரியாஸ் கணவாய் ரயில் பாதை காட்டியது. 1980களின் இறுதியில் அங்கே சரக்கு ரயில்கள் தடம்புரண்டு மக்காச்சோளம் கொட்டியது. மண்ணுக்கடியில் அது புளித்துக் கிடந்த ஆண்டுகளிலும் கிரிஸ்லிகள் வந்துகொண்டே இருந்தன. ரயிலில் அடிபட்டுச் செத்தன. ஆகவே தீவன மூட்டையைத் தாழிட்ட உலோகப் பெட்டியிலோ உறுதியான கதவுள்ள அறையிலோ வையுங்கள். மரத்தடியில் உதிர்ந்த பழத்தை அன்றாடம் பொறுக்குங்கள். பறிக்க ஆள் இல்லாத மரமாக இருந்தால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் மரத்தைச் சுற்றி மின்வேலி.

படி 4: கோழிக் கொட்டகைக்கு மின்வேலி

இந்தப் படிக்கு நேரம் செலவிடுங்கள். மொன்டானாவில் கிரிஸ்லிகள் ஊருக்குள் சிக்கிக்கொள்ளும் காரணங்களில் கோழி முன்வரிசையில் நிற்கிறது. பத்துக் கோழிக்காக ஒரு கிரிஸ்லி சாகிறது என்றால் அது என்னால் தாங்க முடியாத கணக்கு. இரண்டையும் காப்பாற்றும் கருவி கடையில் கிடைக்கும்போது அதைவிட வேதனை.

முதலில் ஓர் எச்சரிக்கை. மின்வேலி என்றதும் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது நம் ஊரில் யானைகளையும் மனிதர்களையும் கொன்றிருக்கிறது. இங்கே சொல்வது அதுவல்ல. வேலிக்கென்றே விற்கும் கருவி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, இமைப்பொழுதுக்கும் குறைவான நேரம் மட்டும் துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். சுரீரென்று வலிக்கும், உயிரைப் பறிக்காது.

வாங்கும் கருவி 0.7 ஜூலுக்குக் குறையாமல் இருக்கட்டும். கம்பியில் எந்நேரமும் 6,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தது ஐந்து கம்பிகள். முதல் கம்பி தரையிலிருந்து 20, 25 செ.மீ. உயரத்தில், மற்றவை அதே இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று. கரடி வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட அடியில் தோண்டவும் நடுவில் நுழையவுமே பார்க்கும் என்பதால் கீழ்க் கம்பிகள்தான் உயிர்நாடி. தடித்த ரோமம் மின்சாரத்தை உடம்புக்கு விடாது. ஈரமான மூக்கு தொட வேண்டும். மூக்கு முதலில் வருவதும் அந்தக் கீழ்க் கம்பிகளுக்குத்தான்.

பலர் கோட்டைவிடும் இடம் எர்த். கரடியின் உடல் வழியே மண்ணுக்குள் இறங்கிய மின்சாரம் எர்த் கம்பி வழியே கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி. மண் காய்ந்து கிடந்தால் சுற்று முடியாது. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு கம்பிக்கு மின்சாரமும் அடுத்த கம்பிக்கு எர்த்துமாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அடி விழும். எர்த் கம்பியை ஈரம் நிற்கும் இடத்தில் ஆழ அடியுங்கள்.

கட்டி முடித்தபின் வோல்ட் மீட்டரைக் கருவியிலிருந்து மிகத் தொலைவான மூலையில் வைத்துப் பாருங்கள். கருவிக்குப் பக்கத்தில் 8,000 காட்டி, தூரத்து மூலையில் 3,000 காட்டினால், இடையில் எங்கோ ஒரு புல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய டிக் டிக் ஒலி வரும் இடத்தில் குனிந்து தேடினால் கம்பியோரம் நுனி கருகிய இலை தெரியும். அந்தப் புல்லை அறுத்ததும் மீட்டரின் முள் ஏறிவிடும். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், பெரும்பசிக் காலத்தில் நாள்தோறும். வேலியைச் சோதிக்கும் கரடி ஒரே ஒருமுறைதான் சோதிக்கும். அன்று மின்சாரம் இல்லையென்றால், வேலி வெறும் கம்பி என்று அதற்குத் தெரிந்துவிடும்.

வேலிச் செலவில் பாதியை, 500 டாலர் வரை, திருப்பித் தரும் திட்டத்தைக் கிரிஸ்லி வாழும் மாநிலங்களில் வனவிலங்குப் பாதுகாவலர்கள் (Defenders of Wildlife) என்ற அமைப்பு நடத்தி வந்திருக்கிறது. வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். தேனீப் பெட்டிகளுக்கும் இதே வேலிதான்.

படி 5: ஊர் கூடிச் செய்ய வேண்டியது

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. கரடி அடுத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு உங்கள் வழியாக நடக்கும். மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் இதைப் பண்ணைக்காரர்களே உணர்ந்து செயல்பட்டார்கள். கன்று ஈனும் வசந்த காலத்தில் செத்துப்போகும் கன்றுகளையும் மாடுகளையும் ஒவ்வொரு பண்ணையும் ஒரு மூலையில் போட்டுவைப்பது பழைய வழக்கம். உறக்கம் கலைந்து பசியோடு இறங்கும் கிரிஸ்லிக்கு அது விருந்துப் பந்தி. பந்திக்குப் பக்கத்திலேயே உயிருள்ள கன்றுகள்.

பிளாக்ஃபுட் சேலஞ்ச் என்ற உள்ளூர் அமைப்பு 2003 முதல் அந்தச் செத்த உடல்களை லாரியில் சேகரித்து, மரத்தூளோடு சேர்த்து மக்க வைக்கும் ஏற்பாட்டை வளர்த்தது. தேனீப் பெட்டிகளுக்கும் கன்று ஈனும் தொழுவங்களுக்கும் மின்வேலி போட்டார்கள். மந்தைகளைச் சுற்றிவரக் குதிரைக் காவலர்களை அமர்த்தினார்கள். கரடிகள் அங்கேயே இருந்தன. சச்சரவுகள் பெருமளவு குறைந்தன. யாருடைய மாடு செத்தது என்று லாரிக்காரர் வெளியில் சொல்வதில்லை என்பதும் அந்த ஏற்பாடு நிலைத்ததற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பண்ணைக்காரரின் மானம் காக்கப்பட்டது. இழப்பீடு பற்றியும் தெரிந்துவையுங்கள். கிரிஸ்லி கொன்றது என்று உறுதிப்படுத்தப்பட்ட கால்நடைக்கு மொன்டானாவில் மாநில வாரியம் பணம் தருகிறது. செத்த இடத்தைக் கலைக்காமல் தார்ப்பாயால் மூடி, ஆய்வாளரை அழையுங்கள்.

படி 6: கரடி ஸ்பிரேயும் கையும்

பாய்ந்து வரும் கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் கார ஸ்பிரே இது. வாங்கிப் பைக்குள் போட்டு வைப்பது வாங்காததற்குச் சமம். இடுப்பில் உறையிலோ மார்பு வாரிலோ இருக்க வேண்டும். மிளகாய்க் காரம் 1 முதல் 2 விழுக்காடு, எடை 225 கிராமுக்குக் குறையாமல், பாயும் தூரம் 25 அடிக்கு மேல் என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். கரடிக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும். தற்காப்புக்கு விற்கும் சிறிய மிளகாய் ஸ்பிரே உதவாது. காலாவதித் தேதி உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், வெடிக்கலாம். விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. போய் இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரையான சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளை நூற்றுக்கு 92 தடவை இந்த ஸ்பிரே தடுத்து நிறுத்தியிருந்தது. கிரிஸ்லியும் பழுப்புக் கரடி இனமே. குறி பார்க்கத் தேவையில்லாத மேகம் அது. அதனால்தான் நடுங்கும் கையிலும் வேலை செய்கிறது.

பயிற்சிக்கென்று காரம் இல்லாத டப்பா விற்கிறார்கள். கட்டைவிரலால் பாதுகாப்புக் கொக்கியைப் பின்னால் இழுத்து எடுப்பதை வீட்டு முற்றத்தில் இருபது தடவை செய்து பாருங்கள். கரடி 30 முதல் 60 அடிக்குள் வரும்போது, சற்றே கீழ்நோக்கி, அதன் முகத்துக்கு முன்னால் ஒரு காரச் சுவர் எழும்படி அடியுங்கள். கூடாரத்தின் மேலோ துணியின் மேலோ முன்கூட்டியே அடித்துவைப்பது பெரும் பிழை. காய்ந்த காரத்தின் மணம் கரடியை ஈர்க்கும்.

படி 7: நேருக்கு நேர்

நிறத்தை வைத்து இனம் பிரிக்காதீர்கள். கருங்கரடியில் பழுப்பு உண்டு, கிரிஸ்லியில் கருமை உண்டு. தோளில் காளையின் திமில் போல மேடு இருக்கிறதா, முகம் நடுவில் குழிந்திருக்கிறதா, காது சிறிதாக வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நடக்கும்போது, முக்கியமாக ஓடை இரைச்சலிலும் புதர் வளைவிலும், உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். பூங்கா விதிப்படி கரடிக்கும் உங்களுக்கும் 100 கஜம் இடைவெளி வேண்டும். நெருக்கத்தில் கண்டுவிட்டால் ஓடாதீர்கள். அது மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் ஓடும். தாழ்ந்த குரலில் பேசியபடி, பக்கவாட்டில் மெல்லப் பின்வாங்குங்கள். பல பாய்ச்சல்கள் பாதியில் நின்றுவிடும் மிரட்டல்கள்.

தற்காப்புக்காகத் தாக்கும் கிரிஸ்லி மேலே வந்து விழுந்தால் குப்புறப் படுத்து, முதுகுப்பையைக் கழற்றாமல், இரண்டு கைகளையும் பின்கழுத்தில் கோத்து, புரட்ட முடியாதபடி கால்களை அகட்டி அசையாமல் கிடங்கள். அது விலகிப்போன பின்னும் உடனே எழ வேண்டாம். ஆனால் கரடி பின்தொடர்ந்து வந்து தாக்கினாலோ, இரவில் கூடாரத்துக்குள் நுழைந்தாலோ, செத்தது போல் கிடக்கக் கூடாது. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராடுங்கள். கருங்கரடி தாக்கினாலும் அப்படியே.

படி 8: கூடாரத்தில் இரவு

2021 ஜூலை 6 விடிவதற்கு முன், பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கின் ஓவாண்டோ என்ற சிற்றூருக்குள், சைக்கிள் பயணத்தில் வந்து கூடாரம் போட்டிருந்த ஒரு பெண்ணைக் கிரிஸ்லி கொன்றது. ஏறக்குறைய 3 மணிக்கு அந்தக் கரடி ஒருமுறை வந்து எழுப்பியது. எல்லோரும் எழுந்து அதை விரட்டினார்கள், கூடாரத்திலிருந்த உணவை எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்தினார்கள், மறுபடி படுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அது திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்பிரே அடித்துத் துரத்தினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நாட்களில் அவ்வட்டாரக் கோழிக் கொட்டகைகளையும் அது உடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கொட்டகைக்குத் திரும்பி வந்தபோதுதான் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். உணவை எடுத்தாலும் மணம் துணியில் தங்கும். ஆகவே, உணவு மட்டுமல்லாமல் பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு, சமைத்தபோது உடுத்திய சட்டை எல்லாவற்றையும் மாலையிலேயே கூடாரத்திலிருந்து 100 கஜத்துக்கு அப்பால், கரடிச் சான்று பெற்ற பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிடுங்கள். ஸ்பிரே தலைமாட்டில் இருக்கட்டும். கரடி ஒருமுறை வந்துபோனால், அந்த இரவு அந்த இடத்தில் படுக்காதீர்கள். காருக்குள் போங்கள், கட்டடத்துக்குள் போங்கள், ஊர்க்காரர் கதவைத் தட்டுங்கள்.

படி 9: கரடி வந்துவிட்டால்

அன்றே மாநில வனவிலங்குத் துறையின் கரடி அலுவலரை அழையுங்கள். அழைத்தால் கரடியைக் கொன்றுவிடுவார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் நல்ல மனத்தோடு செய்யும் அந்தத் தாமதம்தான் கரடிக்கு எதிரி. முதல் தடவையிலேயே தெரிந்தால் சத்தக் குண்டு, ரப்பர் குண்டு, பழக்கிய நாய்கள் என்று விரட்டும் வழிகள் கைவசம் இருக்கின்றன. நான்காம் தடவை தெரிந்தால் வழிகள் முடிந்துபோயிருக்கும். வேறு காட்டில் கொண்டுபோய் விடுவதும் நிச்சயமான தீர்வல்ல; பழகிய இடத்துக்குத் திரும்பி வரும், அல்லது புதிய இடத்தில் அதே தீனியைத் தேடும். பெண் கரடி நான்கைந்து வயதுக்குப் பிறகே முதல் குட்டி போடுகிறது, அடுத்த ஈற்றுக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு பெண்ணை இழந்தால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை பிடிக்கும்.

வண்டி ஓட்டும்போது அந்தியிலும் விடியலிலும் வேகத்தைக் குறையுங்கள். 28 வயது வரை வாழ்ந்த 399 இறந்தது 2024 அக்டோபர் 22 அன்று, ஜாக்சனுக்குத் தெற்கே ஒரு நெடுஞ்சாலையில் வாகனம் மோதித்தான்.

வேலியின் சுவிட்சை எப்போது அணைக்கலாம் என்று கேட்பார்கள். பெரும்பாலான கரடிகள் உறங்கப்போன பிறகு, டிசம்பரில். மார்ச் தொடக்கத்தில் பேட்டரியை மாற்றி, பனியில் தளர்ந்த கம்பிகளை இழுத்துக் கட்டி, தூரத்து மூலையில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுவிடுங்கள். ஆண் கரடிகள் அந்த மாதத்திலேயே எழுந்து வரத் தொடங்கும்.